முப்பது நாளுக்குள் ஒரு பரிசோதனை

மாதம் நிறையுமுன் பிறந்த சிசுவின் எடை கிராம் கிராமாக ஏறுவதைக் கண்டு ஆனந்தங்கொள்ளும் பெற்றோர், அதே நாட்களில் அதன் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முறைகெட்டுப் படர்ந்து பார்வையைக் குலைத்துக்கொண்டிருக்கக் கூடும் என்பதை, எடுத்துச் சொல்வார் ஒருவர் இல்லாவிடில் எவ்வாறு அறிவார்கள்? வெளிப்பார்வைக்கு அக்கண்ணில் யாதொரு குறையும் தென்படுவதில்லை.

1942இல் பாஸ்டன் நகர வைத்தியர் டெர்ரி இவ்வியாதியை முதன்முதல் வருணித்தபோது அதன் காரணம் விளங்கவில்லை. 1951இல் மெல்போர்ன் நகரத்துக் குழந்தை மருத்துவரான கேட் காம்ப்பெல் என்ற மாதரசி, சிசு பிழைக்க வேண்டுமென்று தாராளமாக அளிக்கப்பட்ட பிராணவாயுவின் மீதே தம் சந்தேகத்தைத் திருப்பினார். உயிரைக் காத்த வஸ்துவே கண்ணைக் கெடுத்த விபரீதத்தை என்னென்பது! பிராணவாயுவை அளந்து கொடுக்கக் கற்ற பின்னரும் வியாதி ஒழியவில்லை. விழித்திரை முதிருமுன் பிறந்துவிடுவதே அதன் மூலமாதலால், உரிய காலத்தில் கண்டுபிடிப்பதே உபாயம்.

ஆகவே 34 வாரம் நிறையுமுன் பிறந்த சிசுவுக்கும், 2000 கிராமுக்குக் குறைந்த சிசுவுக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடைபெற வேண்டுமென்று நம் தேசத்து வைத்திய விதிகள் வற்புறுத்துகின்றன. 28 வாரத்துக்கும் முன்னே பிறந்ததாயின் இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து, சில நிமிஷ நேரம், அவ்வளவே. அபாயம் தெரிந்தால் லேசர் சிகிச்சை பெரும்பாலும் பார்வையைக் காத்துவிடும். விழித்திரை முற்றும் பிரிந்துவிட்டாலோ, அறுவைச் சிகிச்சையாலும் மீள்வது அற்பமே.

1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆம் வாரத்தில் 1250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தையின் பெற்றோரிடம் இப்பரிசோதனையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. சில மாதங்கள் கழித்து விஷயம் வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. தந்தை விடாது வழக்காடியதன் பயனாக, 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. நியாயம் வந்து சேர்ந்தபோது அக்குழந்தைக்கு வயது பதினெட்டு. பத்து நிமிஷ வேலைக்கு இது மிகப் பெரிய விலை என்றே நான் கருதுகிறேன்.

இவ்வாறு வழக்காட நேர்ந்தால், மருத்துவக் குறிப்புகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டுமென்பது வைத்தியர்களுக்குரிய நடத்தை விதி. நுகர்வோர் ஆணையத்தை நாடுவோர் வழக்குக்குக் காரணம் எழுந்த இரண்டு வருஷத்துக்குள் நாட வேண்டும். ஆயினும் வழக்குவரை போக வேண்டாம். குறைமாதக் குழந்தையுடன் வீடு திரும்புவோர், டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைக்குரிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையேல் எழுதி வாங்கிக்கொண்டே புறப்படுங்கள்.