கதவிடுக்கில் கசியும் ரகசியம்

சேலத்தில் தொடங்கி கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், கன்னியாகுமரிக்குப் போகும் 66ஆம் எண் நெடுஞ்சாலையும் கொச்சியின் இடப்பள்ளியில் சந்திக்கின்றன. 2013இல் லுலு மாலும் 2017இல் மெட்ரோ ரயிலும் வந்த பிறகு அந்தச் சந்திப்பின் பரபரப்பு பல மடங்காகிவிட்டது. இடப்பள்ளியோ கோவை காந்திபுரமோ, நெரிசலான இடங்களில் மனநல ஆலோசகர் பலருக்கு வாய்ப்பது கடைகளுக்கு மேலே ஒரு வாடகை அறைதான். ஹாலின் நடுவே ஜிப்சம் போர்டில் ஒரு தடுப்பு. ஒருபக்கம் ஆலோசனை, மறுபக்கம் காத்திருப்போர் நாற்காலிகள்.

அந்த நாற்காலிகளில் இருப்பது பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள் அல்லர். நம் ஊர்களில் ஆலோசனைக்கு வருகிறவரோடு கணவரோ, அம்மாவோ, மாமியாரோ துணைக்கு வருகிறார்கள். உள்ளே பேசப்படுவது பல நேரம் அவர்களைப் பற்றியதாகவே இருக்கும். ஒரு வாக்கியம் வெளியே கேட்டாலும், அதற்கான விலையை ஆலோசனைக்கு வந்தவர் வீட்டுக்குப் போய்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 23ஆம் பிரிவில் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமை என்கிறது. ஆலோசகர் வாயைக் கட்டினால் மட்டும் அந்த உரிமை நிறைவேறிவிடாது. அறையும் அதைக் காக்க வேண்டும்.

ஒலியைத் தடுப்பதில் முதல் விதி எடை. சுவரின் எடை இரட்டித்தால், கடந்து போகும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபெல் குறைக்கிறது. அதாவது, மோதும் ஒலி ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குதான் அப்பால் போகிறது. இரு பக்கமும் ஒற்றைப் பலகை அடித்த ஜிப்சம் தடுப்பு சுமார் 35 டெசிபெல்தான் குறைக்கும். உள்ளே ராக்வூல் நிரப்பி, பலகையை இரட்டை அடுக்காக்கினால் அது நன்றாகவே தேறும்.

ஆனால் சுவரைவிடப் பெரிய எதிரி இடைவெளி. ஏழுக்கு மூன்று அடிக் கதவின் அடியில் அரை அங்குலச் சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதவின் பரப்பில் அது 0.6 சதவீதம். கணக்குப் போட்டால், நல்ல தேக்குக் கதவே ஆனாலும் சுமார் 22 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. 160இல் ஒரு பங்கு ஆற்றல் வெளியேறிவிடும். லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் சுவரில் இப்படியொரு கதவை மாட்டுவது, அடியில் ஓட்டையுள்ள குடத்துக்கு மேலே இறுக்கமாக மூடி போடுவது போலத்தான். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிப் பிடிக்கிறது என்று தச்சர் அடியை இழைத்துவிட்டுப் போவார். கோடையில் அந்தச் சந்து அகலும்.

இன்னொரு வழி தலைக்கு மேலே. பல அலுவலகங்களில் தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே இரு அறைகளுக்கும் பொதுவான வெற்றிடம். பேச்சு அங்கே ஏறி மறுபக்கம் இறங்குகிறது. தடுப்பைக் கான்கிரீட் தளம் வரை கொண்டுபோனால்தான் அது முழுச் சுவர்.

பலரும் பணத்தை வீணாக்குவது ஃபோமில். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலி நிறைந்த ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யச் சொன்னார்கள். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர் பக்கத்து அரங்கின் மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மென்மையான பொருள் ஒலியை உறிஞ்சுகிறது என்பது அதில் எண்களாகத் தெரிந்தது. ஆனால் அது உறிஞ்சுவது அறைக்குள்ளே எதிரொலிக்கும் ஒலியை. வெளியே போகும் ஒலியைத் தடுக்க எடையும் அடைப்பும் வேண்டும். சுவரில் ஒட்டிய ஃபோம் பேச்சை இதமாக்கும், ரகசியத்தைக் காக்காது.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பார்கள். இதில் இயற்பியலும் இருக்கிறது. ஒரு சொல் புரிவதும் புரியாததும் அதன் உரப்பை மட்டும் பொறுத்ததில்லை, சுற்றியுள்ள இரைச்சலையும் பொறுத்தது. மின்விசிறி ஓடிய காலத்தில் அமுங்கிய பேச்சு, அதை நிறுத்தி ஏசி போட்டபின் கேட்கத் தொடங்குகிறது. அதனால்தான் வெளியே காத்திருப்போர் பகுதியில் சீரான மெல்லிய இரைச்சலை எழுப்பும் கருவியை வைக்கிறார்கள். அதை ஆலோசனை அறைக்குள் வைக்கக் கூடாது. இரைச்சலில் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார்ட் 1911இலேயே எழுதியிருக்கிறார்.

குறைந்த செலவில் தொடங்க விரும்புகிறவர் கதவிலிருந்து தொடங்கலாம். நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் கீழிறங்கி மூடும் சீல், மேலே வென்டிலேட்டர் இருந்தால் அதற்குக் கனமான மூடி. இருட்டில் உள்ளே விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்தி வெளியே நின்று பார்த்தால், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஒலி கசியும் வழி என்பதும் தெரியும். இப்படி அடைத்த பிறகு காற்றுக்கு ஏசியும், தனிக் குழாய் வழியும் தேவைப்படும். அதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

பிறகு ஒரு சோதனை. ஆலோசகரின் இருக்கையில் கைபேசியை வைத்து, வானொலிச் செய்தியைப் பேச்சுக் குரல் அளவில் ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்போர் நாற்காலியில் உட்காருங்கள். ஒரு பெயர், ஓர் ஊர் காதில் பிடிபட்டாலும் அந்த அறை இன்னும் தயாராகவில்லை. "நான் பேசுவது வெளியே கேட்குமா?" என்று ஆலோசனைக்கு வருகிறவரும் தயங்காமல் கேட்கலாம். சட்டம் தந்த உரிமையைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.