சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

நாஞ்சில் நாட்டிற் பிறந்தவர்களுக்குப் பனையேறியைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நான் சிறுவனாயிருந்த நாளில், பொழுது புலருமுன்னரே முருக்குத்தடியைத் தோளிற் சாய்த்துக்கொண்டு எங்கள் தெருவழியே அவர்கள் செல்வார்கள். இடையிலே பாளை சீவும் அரிவாள், கையிலே தளைநார். காலையில் ஏறிய மரங்களிலேயே மாலையில் மீண்டும் ஏறவேண்டும். அந்த மரங்கள் தரும் அக்கானியைக் காய்ச்சித்தான் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.

1958 ஆம் ஆண்டு, அக்கானிப் பருவத்தில், அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் மரத்தினின்று விழுந்துவிட்டார். அவரை நான் மாமா என்று அழைப்பது வழக்கம். மருத்துவமனையில் இயன்றதைச் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லை. திண்ணையை ஒட்டிய அறையில் ஒரு கயிற்றுக் கட்டிலில் அவரைக் கிடத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லி, ஜெபித்துவிட்டுச் சென்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவருக்குத் திருமறை வாசித்துக் காட்டுவது எனக்கு இடப்பட்ட பணி. ஒருநாள் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் என்னைத் தடுத்து, "மக்கா, எழும்பி இருக்கதுக்கு ஒரு வழி அதுல போட்டிருக்கா?" என்று கேட்டார். பதினோரு வயதுச் சிறுவன் என்ன விடை சொல்வேன்? அடுத்த வசனத்தை வாசித்தேன்.

அவர் கேட்டது நடக்க வழியன்று, உட்கார வழி. இதனை நான் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

முதுகெலும்பு என்பது முள்ளெலும்புகள் பல அடுக்கப்பெற்ற ஒரு தூண். அதன் நடுவே ஓடும் தண்டுவடமே மூளையின் கட்டளைகளைக் கால்களுக்குக் கொண்டுசெல்கிறது. கால்களின் செய்திகளை மூளைக்குக் கொண்டுவருகிறது. எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்ளும். தண்டுவடம் அறுந்தால் மீண்டும் இணைவதில்லை. இன்றளவும் அதனை இணைக்கும் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் இவ்வாறு அடிபட்டவர்களைக் கொன்றது பெரும்பாலும் அந்த அறுபடல் அன்று. உணர்வற்ற தோலிலே நெடுநேரம் எடை அழுந்துவதால் உண்டாகும் படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப் பாதையில் தோன்றும் நோய்த்தொற்றுமே அவர்களைக் கொன்றன. இங்கிலாந்திலே ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில், 1944 ஆம் ஆண்டு, லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் போரில் தண்டுவடம் முறிந்த வீரர்களை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தார், உட்காரப் பழக்கினார், பந்தெறியவும் வைத்தார். சில ஆண்டுகளில் இறந்துவிடுவர் என்று கைவிடப்பட்டவர்கள் தொழில் செய்து வாழத் தொடங்கினர். இத்துணை எளிய உண்மை எங்கள் தெருவை எட்டவில்லை.

இனி வேலூருக்கு வருவோம். நம் மாவட்டத்துக்கும் வேலூருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922இலும் 1924இலும் ஏறிய ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய பின்னர், 1949 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே ஆசிரியராயிருந்தார். அக்காலத்தில் அங்கே பயின்று கொண்டிருந்தவர்களுள் ஒருவர் மேரி வர்கீஸ். 1925 ஆம் ஆண்டு கொச்சிச் சீமையில், கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றிலே பிறந்தவர். மகளிர் மருத்துவத்தில் சிறப்புத் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவர் விருப்பம்.

1954 ஜனவரியில், உடன் பணிபுரிந்த மருத்துவர்களோடு அவர் உல்லாசப் பயணம் சென்ற வண்டி கவிழ்ந்தது. கன்னத்தில் ஆழ்ந்த காயம், தண்டுவடம் முறிந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு. மருத்துவராதலின், மற்றவர்கள் மென்று விழுங்கிய சொற்களின் பொருளை அவரால் அறியமுடிந்தது. ஆயினும் அறிவது வேறு, ஏற்பது வேறு. கால்கள் மீளும் என்ற எதிர்பார்ப்பும், மீளா என்ற கசப்பும் மாறிமாறி அவரை வருத்தின. விசுவாசிகளின் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. ஒரே இரவில் உள்ளம் தேறிவிட்டது என்று கேட்பவர், தமக்கு அவ்வாறு தேறாதபோது தம் விசுவாசத்தில்தான் குறை உண்டென்று கலங்குவார் அல்லவா?

அங்கே அப்பொழுது அறுவை மருத்துவராயிருந்தவர் பால் பிராண்டு. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவையில் வழிகாட்டியவர். முன்கையிலுள்ள நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த விரல்களோடு பிணைப்பது அவருடைய முறை. இவ்வறுவையை மருத்துவர் உட்கார்ந்தபடியே செய்யலாம். ஆகவே, சக்கர நாற்காலியிலிருந்தே நீர் இதைச் செய்யலாமே என்று அவர் மேரியை ஊக்கினார். முதுகெலும்பை உறுதிப்படுத்தும் சிகிச்சைகளைத் தாங்கி, வலியோடு நிமிர்ந்து உட்காரப் பழகி, மேரி அவ்வேலையை ஏற்றார்.

இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன். தொழுநோயாளியின் விரல்கள் அழிவது அழுகலால் அன்று, அவற்றுக்கு வலி தெரியாமையாலேயே என்பதைப் பிராண்டு எடுத்துக்காட்டினார். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் கை விலகாது, புண்பட்டாலும் தெரியாது. மேரியின் கால்களும் அத்தகையனவே. நோயாளி தம் கைகளை நாள்தோறும் கண்ணால் பார்த்துக் காக்கவேண்டியதுபோல, மருத்துவரும் தம் பாதங்களைக் கண்ணால் பார்த்துக் காக்கவேண்டியிருந்தது. ஊராரால் ஒதுக்கப்பட்ட ஒருவர், தம்முன் நாற்காலியில் உருண்டு வரும் மருத்துவரைக் கண்டபோது என்ன எண்ணியிருப்பார்! நடக்கக்கூடிய எந்த மருத்துவராலும் சொல்ல இயலாத ஒன்றை அந்த நாற்காலி சொல்லிவிட்டது.

கால்களைக் கேட்டுக்கொண்டிருந்த ஜெபம் கைகளை ஒப்படைக்கும் ஜெபமாக மாறியது என்று அவர் வாழ்வைச் சுருக்கிச் சொல்லலாம். டாரதி கிளார்க் வில்சன் என்ற அம்மையார் 1963இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அவருடைய வரலாற்றுக்கு, 'என் கைகளை ஏற்றுக்கொள்ளும்' என்னும் பொருள்பட அமைந்த தலைப்பு அதனால் பொருந்துகிறது. எங்கள் தெருவில் வழங்கிய "கர்த்தருடைய சித்தம்" என்ற சொல்லைத்தான் மேரியும் நம்பினார். ஆனால் எங்களுக்கு அது முற்றுப்புள்ளி. அவருக்கோ, இனி என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் வினா. நாங்கள் அவரினும் குறைந்த பக்தியுடையோர் அல்லோம். ஒரு மனிதனை உட்காரவைக்கக் கயிறும் மரச்சட்டமும் போதும் என்று எங்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மேரி கேட்டார். ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரில் தமக்கே பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவத்தை முறையாகப் பயின்றார். திரும்பிவந்து 1963இல் வேலூரில் அத்துறையைத் தொடங்கினார். 1966இல், பாகாயத்தில், தண்டுவடம் முறிந்தவர்கள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் திறக்கப்பெற்றது. படுக்கையிலிருந்து கைவலியால் நாற்காலிக்கு மாறுவது, தோலைக் காப்பது, சிறுநீரை முறையாக வெளியேற்றுவது, கைத்தொழில் கற்பது ஆகியவை அங்கே பாடங்கள். இவற்றைக் கற்பிக்கும் தலைமை மருத்துவரும் அதே நாற்காலியில்தான் இருந்தார். 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் காலமானார். நிலையம் இன்றும் பணியாற்றி வருகிறது. நம் நாட்டில் தண்டுவடம் முறிந்து மருத்துவமனைகளுக்கு வருவோருள் மரத்தினின்று விழுந்தவர்கள் கணிசமானவர்கள் என்பதைப் பனையும் தெங்கும் நிறைந்த நம் மாவட்டத்து மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது மேற்சொன்ன நூலை நான் வாசித்தேன். ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலின் அருகே நான் சங்கீதம் வாசித்த காலத்தில், வேலூரிலே ஒருவர் நாற்காலியிலமர்ந்து அறுவை செய்துகொண்டிருந்திருக்கிறார். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது நூலை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மாமா 1961இலேயே படுக்கைப் புண்ணால் இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாததன்று, இருந்தும் போனேன். அத்தை முற்றத்தில் அந்தக் கட்டிலைப் போட்டு, அதன்மேல் ஓலைப்பாய் விரித்துப் புளி உலர்த்திக்கொண்டிருந்தார். நூலிலிருந்த படத்தை அவரிடம் காட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதனை வாங்கி, நெடுநேரம் பார்த்தார். பின்னர், "இந்த நாற்காலி என்ன விலை இருக்கும் மக்கா?" என்று கேட்டார்.