படிகாரத்தின் தூதர்

ஜெனோவா நகரத்தவரான பெனெதெத்தோ சக்காரியா, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசரின் தூதராகவும், ஜெனோவாவின் கடற்படைத் தலைவராகவும், பின்னர் காஸ்டில், பிரெஞ்சு மன்னர்களின் தளபதியாகவும் இருந்தார். இறுதியில் கியோஸ் தீவை ஆண்டார். கூலி கொடுத்தவர்க்கெல்லாம் வாள் தூக்கியவர் என்று அவரை ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால், அது அவருக்கு நியாயம் செய்யாது. இத்தனை பதவிகளையும் ஒரே சரடில் கோத்த பொருள் ஒன்று உண்டு. அது படிகாரம்.

கம்பளித் துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும். இங்கிலாந்து, பிளாண்டர்ஸ் நெசவு நகரங்கள் அதற்காகக் காத்துக் கிடந்தன. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள போக்கையாவையும் அதன் படிகாரச் சுரங்கங்களையும் பேரரசர் எட்டாம் மிகயேல், 1275 வாக்கில் சக்காரியாவுக்கும் அவருடைய சகோதரர் மனுவேலுக்கும் வழங்கினார். பைசாந்தியத் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றத் துடித்த சிசிலி மன்னர் அன்ஜூவின் சார்லஸுக்கு எதிராக, 1282 சிசிலிக் கிளர்ச்சியையொட்டி அரகான் மன்னரிடம் சக்காரியா தூது போனதன் பொருள் இப்போது விளங்கும். பேரரசு விழுந்தால் சுரங்கமும் கைவிட்டுப் போகும். 1291-இல் ஜிப்ரால்டர் நீரிணைப் பகுதியில் மொராக்கோக் கப்பற்படையை அவர் முறியடித்தது காஸ்டிலுக்காகத்தான். ஆனால், அவருடைய சரக்கு வடக்கே போகும் வழியும் அதுவே.

1284-இல் மெலோரியாக் கடற்போரில் ஜெனோவாவின் போட்டி நகரமான பீசாவை வீழ்த்த மறைவில் காத்திருந்து பாய்ந்த கப்பல்களை நடத்தியவர் அவரே; அது நாட்டுப்பற்று இல்லையா என்று கேட்கலாம். அந்தப் பற்றை மறுக்க வேண்டியதில்லை. அதன் எல்லையைத்தான் பார்க்க வேண்டும். கருங்கடல் படிகாரம் மேற்கே போகாதபடி பேரரசரிடம் தடை வாங்கியவரும் இதே சக்காரியாதான். அதனால் அடிபட்டவர்கள் அவருடைய சொந்த ஊர் வணிகர்கள்.

1304-இல், துருக்கியக் கடற்கொள்ளையரிடமிருந்து காப்பதாகச் சொல்லி கியோஸைக் கைப்பற்றினார். நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்று விற்கப்படும் பிசின் விளையும் தீவு அது. விரட்டும் வலிமையற்ற பேரரசர் இரண்டாம் அந்திரோனிகஸ், பத்தாண்டு உரிமை தந்து அதை ஏற்றுக்கொண்டார். தீவுக்கு உண்மையிலேயே காவல் தேவைப்பட்டது என்பார்கள். தேவைப்பட்டதுதான். ஆனால், காவலுக்கு வந்தவர் வருவாய்க்கும் உரிமையாளர் ஆகிவிட்டால், அதன் பெயர் காவல் அல்ல, ஆட்சி. வணிக உரிமையில் தொடங்கி, பாதுகாப்பின் பெயரால் வளர்ந்து, ஆட்சியில் முடியும் அந்தப் பாதையில், கிழக்கிந்தியக் கம்பெனிகள் பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே சக்காரியா நடந்து முடித்திருந்தார்.