ஏவுகணை எச்சரிக்கை: எதை நம்புவது, எங்கே ஒதுங்குவது?

2022 அக்டோபர் 4, காலை 7.22 மணி. வட கொரியா ஓர் ஏவுகணையை ஏவியது. 7.27க்கு வட ஜப்பானில் கைபேசிகள் அலறின. அடுத்த ஓரிரு நிமிடங்களில் அது அவோமோரி மாகாணத்தின் வான்வழியே கடந்தது; பின்னர் பசிபிக் கடலில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் உண்மையிலேயே தாக்குதல் நடந்தால் மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு என்று அன்று தெரிந்தது.

தமிழர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. 2004 முதல் வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் இலங்கையிலிருந்து தொழிலாளர்கள் தென் கொரியா செல்கிறார்கள். தமிழ்நாட்டு ஆய்வு மாணவர்களும் பொறியாளர்களும் கொரியாவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள்.

ஆபத்து எங்கே?

கொரியப் போர் 1953 ஜூலை 27 அன்று ஒரு போர்நிறுத்த உடன்பாட்டோடு நின்றது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக 2003இல் அறிவித்த வட கொரியா, 2006 முதல் 2017 வரை ஆறு முறை அணுகுண்டுச் சோதனை நடத்தியது. தன் தலைமை தாக்கப்பட்டால் அணு ஆயுதப் பதிலடி தானாகவே நடக்கும் என்று 2022 செப்டம்பரில் சட்டமே இயற்றிக்கொண்டது. எல்லையிலிருந்து சியோல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான்.

இப்படியொரு சட்டமும் இவ்வளவு குறைந்த தூரமும் சேரும்போது, திட்டமிட்ட போரைவிடத் தவறாகப் புரிந்துகொள்வதே பெரிய அச்சம். ஒரு ராணுவப் பயிற்சியைப் படையெடுப்பு என்று எதிர்த்தரப்பு நினைத்துவிட்டால், விளக்கம் சொல்ல நேரம் இருக்காது.

எச்சரிக்கையே தவறினால்?

2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மக்களின் கைபேசிக்கு, ஏவுகணை வருகிறது, இது பயிற்சி அல்ல என்ற செய்தி போனது. பயிற்சியை உண்மை என்று நினைத்த ஊழியர் ஒருவர் அனுப்பியது அது. திருத்தச் செய்தி கைபேசிகளுக்குப் போய்ச்சேர 38 நிமிடங்கள் ஆயின. ஆளுநருக்குச் சில நிமிடங்களிலேயே விவரம் தெரிந்திருந்தும், ட்விட்டர் கடவுச்சொல் நினைவுக்கு வராததால் மக்களுக்குச் சொல்வது தாமதமானது.

2023 மே 31 காலை 6.41க்குச் சியோல் மாநகராட்சி வெளியேறத் தயாராகச் சொல்லி எச்சரித்தது. ஏன், எங்கே போவது என்பது அதில் இல்லை. 7.03க்கு உள்துறை அமைச்சகம் அது தவறு என்றது. வட கொரியா அன்று ஏவியது செயற்கைக்கோள் ராக்கெட். அதுவும் கடலில் விழுந்துவிட்டது.

அதற்காக அடுத்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்தக் கூடாது. முதலில் ஒதுங்குங்கள், சரிபார்ப்பதை உள்ளே போனபின் செய்யலாம். சரிபார்க்க அரசு அறிவிப்பும் பொது ஒலிபரப்பும் போதும். வாட்ஸ்அப் செய்தியை நம்பி வெளியே வராதீர்கள்.

எச்சரிக்கை வந்ததும்

• வெளியே இருந்தால் உறுதியான கட்டடத்துக்குள்ளோ நிலத்தடிக்கோ போங்கள். சுரங்க ரயில் நிலையமும் நிலத்தடி வாகன நிறுத்தமும் ஏற்றவை.
• ஒதுங்க இடமே இல்லையென்றால் குப்புறப் படுத்துத் தலையைக் காத்துக்கொள்ளுங்கள்.
• வீட்டுக்குள் இருந்தால் சன்னலை விட்டு விலகுங்கள்; சன்னல் இல்லாத அறை நல்லது.
• அருகில் ஏவுகணை விழுந்தால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். காற்றோட்ட விசிறியை நிறுத்திச் சன்னல்களை மூடிவிடுங்கள்.
• தென் கொரியாவில் ஒரே சீராக ஒலிக்கும் சைரன் முன்னெச்சரிக்கை. ஏறி இறங்கி ஒலித்தால் வான்தாக்குதல் எச்சரிக்கை.

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் பக்கத்திலுள்ள தங்குமிடத்தை இன்றே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

உங்கள் உரிமைகள்

தன் எல்லைக்குள் இருக்கும் எவருடைய உயிரையும் காப்பது அரசின் கடமை என்பது சர்வதேசச் சட்டம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அது பொருந்தும். ஒப்பந்தத்துக்கோ கடனுக்கோ பிணையாக முதலாளி உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது கொரியக் குடிவரவுச் சட்டப்படி குற்றம். நெருக்கடியில் நாடு திரும்ப அதுதான் முதலில் வேண்டும். உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும் தூதரகத்தில் பெயரையும் முகவரியையும் பதிவுசெய்யுங்கள். தூதரக உதவி கிடைக்காத இந்தியர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் தரலாம். இலங்கையர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அணுகலாம். கப்பல் ஊழியர்களுக்கு 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை துணை நிற்கிறது: கப்பல் போர் வலயத்துக்குப் போவதாக இருந்து, அங்கே செல்ல ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால், ஊர் திரும்பும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்கிறது அதன் வழிகாட்டுதல்.

காப்பீட்டில் கவனம் தேவை. பல பயண, ஆயுள் காப்பீடுகள் போரால் நேரும் இழப்பை ஏற்பதில்லை. கையெழுத்திடுமுன் அந்த விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அரசுகளின் பொறுப்பு

இரு கொரியாக்களையும் இணைக்கும் நேரடித் தொலைபேசிகளை எடுப்பதை வட கொரியா 2023 ஏப்ரலில் நிறுத்தியது. எல்லைப் பதற்றத்தைத் தணிக்க 2018இல் செய்த ராணுவ உடன்பாடும் 2023-24இல் முறிந்தது. வட கொரியா மீதான ஐ.நா. தடைகளைக் கண்காணித்த நிபுணர் குழு, ரஷ்யாவின் வீட்டோவால் 2024 ஏப்ரலோடு முடிவுக்கு வந்தது.

ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2025 ஜூனில் தென் கொரியா எல்லையில் ஒலிபெருக்கிப் பிரசாரத்தை நிறுத்தியது. மறுநாளே வட கொரியா ஒலிபெருக்கியில் எழுப்பிவந்த ஒலியும் நின்றது. அணு ஆயுதங்களைக் கைவிடச் செய்யும் பெரிய உடன்பாட்டுக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். தொலைபேசியை எடுப்பதற்கும், ஏவுமுன் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் அறிவிப்பதற்கும், பயிற்சித் தேதியை முன்கூட்டியே சொல்வதற்கும் அவ்வளவு காலம் தேவையில்லை. பேச்சுவார்த்தை மேசைக்கு முதலில் வர வேண்டிய கோரிக்கைகள் இவைதாம்.