மைவிக்கு 'பவர்' ஏற்றலாமா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். கோம்பாக் டோல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். காரில் ஐந்து பேர், பின்னால் இரண்டு பெட்டி, ஏர்கோன் முழு வேகத்தில். முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். வலது தடத்துக்கு மாறி பெடலை அழுத்துகிறோம். என்ஜின் கத்துகிறது. கார் மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த நிமிடத்தில்தான் பலருக்கு ஆசை வருகிறது: "இந்தக் காருக்குக் கொஞ்சம் பவர் ஏற்றினால் என்ன?"

மைவி, சாகா, ஆக்சியா, பெஸ்ஸா என்று நம் வீட்டு வாசலில் நிற்கும் பெரும்பாலான சிக்கனக் கார்களுக்கு டர்போ கிடையாது. இவற்றைத்தான் 'என்.ஏ.' என்ஜின் கார் என்கிறார்கள். இந்த வகைக் காரின் வேகத்தைக் கூட்ட கடைகளில் பல பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் எது உண்மையிலேயே வேலை செய்கிறது, எது சத்தத்தை மட்டும் கூட்டுகிறது?

என்.ஏ. என்ஜின் எப்படி மூச்சு விடுகிறது?

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. வெளியில் இருக்கும் காற்று தன் சொந்த அழுத்தத்தில் உள்ளே வருகிறது. அவ்வளவுதான். டர்போ கார் என்றால், ஒரு சிறிய காற்றாடி காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். என்.ஏ. என்ஜினுக்கு அந்த உதவி இல்லை. வானிலை கொடுக்கும் காற்றை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும்.

பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கு தேவை. ஆக, எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவுதான் சக்தி. பெட்ரோலை மட்டும் அதிகமாக ஊற்றிப் பயன் இல்லை.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. 15 பாகை செல்சியஸில் இருக்கும் காற்றைவிட 35 பாகை காற்று 6 விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தி குறைவு. மலை ஏறினால் இன்னும் மோசம். கெந்திங் மலை உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 15 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடும். மேலே போகப் போக உங்கள் கார் சோர்ந்து போவது வயதானதால் அல்ல. அதற்கு மூச்சு வாங்குகிறது.

குதிரைத்திறன் எங்கே ஒளிந்திருக்கிறது?

1.5 மைவியின் என்ஜின் 102 குதிரைத்திறன் தரும் என்று விளம்பரத் தாளில் இருக்கும். உண்மைதான். ஆனால் அது நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் கிடைக்கும் கணக்கு. அதன் அதிகபட்ச முறுக்குவிசை, அதாவது டார்க், 137 நியூட்டன் மீட்டர். அது 4,200 சுழற்சியில் வருகிறது. நாம் வேலைக்குப் போகும்போது, பிள்ளைகளைப் பள்ளியில் விடும்போது, என்ஜின் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 சுழற்சிக்குள்தான் இருக்கிறது. பத்திரிகையில் படித்த சக்தி அந்த இடத்தில் இல்லை.

இதை பெரோடுவாவின் இன்னொரு காரோடு ஒப்பிட்டால் புரியும். அதிவா காரில் இருப்பது வெறும் 1.0 லிட்டர் டர்போ என்ஜின். அதன் டார்க் 140 நியூட்டன் மீட்டர், மைவியைவிட ஒரு பிடிதான் அதிகம். ஆனால் அது 2,400 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் சிறிய என்ஜினாக இருந்தும் அது 'இழுக்கிறது' என்று ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு மாற்றம் உங்கள் அன்றாட ஓட்டத்துக்கு உதவுமா என்று தெரிய வேண்டுமானால், கடைக்காரரிடம் "எத்தனை குதிரைத்திறன் ஏறும்?" என்று கேட்காதீர்கள். "எத்தனையாவது சுழற்சியில் ஏறும்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே தலையைச் சொறிவார்கள்.

திறந்த ஏர் ஃபில்டர்: சத்தம் வேறு, வேகம் வேறு

அதிகம் விற்பனையாகும் பொருள் இதுதான். தொழிற்சாலை கொடுத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, காளான் வடிவத்தில் ஒரு திறந்த ஃபில்டரை மாட்டுவார்கள். பெடலை அழுத்தினால் 'ஊஊ' என்று ஓர் உறுமல். அந்தச் சத்தமே காருக்கு வேகம் வந்தது போன்ற உணர்வைத் தந்துவிடும்.

ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டி சும்மா வைக்கப்படவில்லை. கார் முகப்பிலிருந்து வெளிக்காற்றை, அதாவது ஓரளவு குளிர்ந்த காற்றை, இழுக்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். திறந்த ஃபில்டரோ பானெட்டுக்குள் இருக்கும் கொதிக்கும் காற்றை இழுக்கும். நெரிசலில் நிற்கும்போது உள்ளே என்ன சூடு என்று பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சூடான காற்று என்றால் அடர்த்தி குறைந்த காற்று. அடர்த்தி குறைந்தால் சக்தியும் குறையும். காசு கொடுத்து நாமே தேடிக்கொள்ளும் கெந்திங் மலை அது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. என் முதல் கார் ஒரு பழைய 1.3 மைவி. முதல் வருட போனஸில் ஒரு பட்டறைக்குப் போனேன். "தம்பி, ஃபில்டரும் எக்ஸோசும் மாத்துங்க, கார் பறக்கும்" என்றார் அந்த அண்ணன். பறந்தது என்றுதான் நானும் இரண்டு வாரம் நம்பினேன். பிறகு அம்மா அப்பாவோடு ஈப்போவுக்குப் போகும்போது மேனோரா ஏற்றத்தில் கார் முன்பைவிடத் திணறியது. பின் சீட்டிலிருந்து அம்மா, "ஏன்பா இவ்ளோ சத்தம் போடுது, ரிப்பேரா?" என்று கேட்டதுதான் மிச்சம். ஊர் திரும்பியதும் பழைய பெட்டியையே மாட்டிவிட்டேன்.

எக்ஸோஸ், எக்ஸ்ட்ராக்டர்

எரிந்த புகை சீக்கிரம் வெளியேறினால் புதுக் காற்று நன்றாக உள்ளே வரும் என்பது சரியான தத்துவமே. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் புகை அலை, அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொண்டு போகும்படி குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் கணக்கிட்டுச் செய்வதுதான் எக்ஸ்ட்ராக்டர்.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்குத்தான் பொருந்தும். பெரிய குழாய் போட்டால் மேல் சுழற்சியில் கொஞ்சம் கிடைக்கும், கீழே கொஞ்சம் போய்விடும். பந்தயப் பாதையில் அது நல்ல வியாபாரம். ஜாலான் கிள்ளான் லாமாவில் நஷ்டம். என்ஜினில் வேறெதுவும் மாற்றாமல் இதை மட்டும் மாற்றினால், ஏறும் சக்தி பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் காரில் அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

வினையூக்கி மாற்றியை, அதாவது 'கேட்' என்று சொல்லும் பாகத்தை, வெட்டி எடுத்துவிடச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நச்சுப் புகையைக் குறைக்கும் பாகம் அது.

கணினி ரீமேப், பெடல் பெட்டி, காந்தம்

ஈசியூ ரீமேப் டர்போ கார்களுக்கு அற்புதம் செய்யும், ஏனென்றால் அங்கே காற்றழுத்தத்தையே கூட்ட முடியும். என்.ஏ. காரில் கூட்டுவதற்கு அழுத்தம் இல்லை. பற்றவைக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளலாம், சில விழுக்காடு கிடைக்கலாம். தவறாகத் தள்ளினால் என்ஜின் 'நாக்' அடிக்கும்.

பெடலில் மாட்டும் 'திராட்டில் கன்ட்ரோலர்' சக்தியைக் கூட்டாது. நீங்கள் பாதி அழுத்தினால் முக்கால்வாசி அழுத்தியதாகக் கணினியிடம் பொய் சொல்லும். அதே பொய்யை உங்கள் வலது காலும் இலவசமாகச் சொல்லும். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தத்தைப் பற்றி எழுத இடத்தை வீணாக்க வேண்டாம்.

ரோன் 95க்கு வடிவமைக்கப்பட்ட காரில் ரோன் 97 ஊற்றுவதும் இதே கதைதான். ரோன் எண் என்பது நாக் அடிக்காமல் தாங்கும் திறன், பெட்ரோலின் பலம் அல்ல.

அப்படியானால் எதற்குத்தான் காசு போடுவது?

முதலில் கார் வாங்கியபோது இருந்த சக்தி இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் ஓடிய காரில் இழந்ததைத் திரும்பப் பெறுவதே பெரிய 'மாற்றம்'. அழுக்கடைந்த ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், கரி படிந்த திராட்டில் பாடி, நாள்பட்ட 'மினியாக் ஹீத்தாம்', ஒட்டிக்கொண்டு விடாத பிரேக். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நவீன கார்களில் அடைத்துப்போன ஃபில்டர் பெட்ரோல் செலவைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, ஆனால் வேகமெடுக்கும் திறனைக் குறைக்கிறது என்று காட்டியது. சாதாரண ஃபில்டர் ஒரு வேளைக் குடும்பச் சாப்பாட்டைவிட மலிவு.

சிவிடி கியர் உள்ள காரில் அதன் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். கையேட்டில் சொன்ன வகையைத்தான் ஊற்ற வேண்டும். 'எல்லா காருக்கும் பொருந்தும்' என்பதை நம்பாதீர்கள்.

அடுத்தது எடை. மைவி ஏறத்தாழ ஒரு டன். பூட்டில் மறந்துபோன தண்ணீர்ப் புட்டிகள், பழைய கருவிப் பெட்டி, பிள்ளையின் தள்ளுவண்டி என்று 40, 50 கிலோ சேர்ந்துவிடும். அதை இறக்கி வைத்தால் எடையில் 4, 5 விழுக்காடு குறைகிறது. ஒரு எக்ஸ்ட்ராக்டர் தரும் பலனுக்கு இது ஏறக்குறைய சமம், செலவு சுழியம்.

ரிம்மிலும் எடைதான் விஷயம். 1.5 மைவிக்கு 185/55 அளவு 15 அங்குல டயர் வருகிறது. அழகுக்காக 17 அங்குலம் போட்டால், சக்கரம் பெரும்பாலும் கனமாகிவிடும். சுழலும் எடையைத் தள்ளுவதற்கு என்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே 15 அங்குலத்தில் எடை குறைந்த ரிம் தேடுங்கள். டயரின் மொத்த விட்டம் மாறினால் வேகமானியும் பொய் சொல்லும்.

என்னைக் கேட்டால், முதல் ஆயிரம் ரிங்கிட்டை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும்தான் போடுவேன். இதில் விவாதத்துக்கே இடமில்லை என்பது என் கருத்து. நம் ஊர் மழை சொல்லிவிட்டா வருகிறது? டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தடிப்பு 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய், கெந்திங் இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது கொதிக்கக்கூடும். அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எத்தனை குதிரைத்திறன் இருந்தும் அந்த நேரத்தில் உதவாது.

தேய்ந்த அப்சார்பரை மாற்றினாலே கார் புதுசு போல் உணரப்படும். வளைவில் நம்பிக்கையோடு போக முடிவதால், நேர்ச்சாலையில் அவ்வளவு அழுத்த வேண்டியதில்லை.

முந்திச் செல்வதற்கு என்ஜினின் குணத்தைப் பயன்படுத்துங்கள். லாரிக்குப் பக்கத்தில் போன பிறகு அழுத்துவது தாமதம். தடம் மாறும் முன்பே கியரைக் குறைத்து, அல்லது 'எஸ்' நிலை இருந்தால் அதில் போட்டு, சுழற்சியை 4,000 பக்கம் கொண்டுவாருங்கள். உங்கள் காரின் டார்க் அங்கேதான் காத்திருக்கிறது. என்ஜின் கத்தட்டும், அது கெட்டுப்போகாது.

ஜே.பி.ஜே. என்ன சொல்கிறது?

1987 சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் உள்ள விதிமுறைகளும் வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகின்றன. என்ஜினை மாற்றுவது, காரின் அமைப்பை மாற்றுவது போன்றவற்றுக்கு ஜே.பி.ஜே. அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும். ரிம் மாற்றலாம், ஆனால் டயர் உடல்பகுதிக்கு வெளியே நீட்டக்கூடாது. அதிகச் சத்தமிடும் எக்ஸோசுக்கு சாலைத் தடுப்பில் சம்மன் கிடைக்கும்.

உத்தரவாதம் இன்னொரு கணக்கு. மைவிக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. நீங்கள் மாட்டிய பொருளால்தான் கோளாறு என்று தெரிந்தால் அந்தப் பழுதுக்கு உங்கள் பையிலிருந்துதான் பணம் போகும். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் பானெட்டைத் திறந்து பார்ப்பார். சொல்லாமல் விட்ட மாற்றம் இழப்பீட்டுக் கோரிக்கையைச் சிக்கலாக்கலாம்.

கழற்றிய அசல் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள், கடைக்காரரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காரை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். என் கறுப்புப் பெட்டி ஸ்டோர் அறையில் பத்திரமாக இருந்ததால்தான் மேனோரா பயணத்துக்குப் பிறகு அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.