பாலைவனத்தில் குளிர்காலக் குடித்தனம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி குவார்ட்சைட் என்ற சிற்றூர் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 2,400 பேர்தான். கோடையில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொடும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. குளிர்காலம் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் வீட்டு வண்டிகளோடு வந்து சேர்வார்கள். ஜனவரியில் ஊரைச் சுற்றியுள்ள சரளை வெளி முழுக்க வண்டிகள்தான். இப்படிக் குளிருக்குத் தப்பித் தெற்கே வருபவர்களுக்கு அங்கே 'ஸ்னோபேர்ட்' என்று பெயர்.

ஆர்.வி. எனப்படும் இந்த வண்டிகளில் பல வகை உண்டு. பேருந்து அளவிலான மோட்டார் ஹோம் தானே ஓடும்; டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் பூட்டி இழுத்து வர வேண்டும். நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனைப் போலவே உள்ளே படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் இருக்கும். எந்த வண்டியானாலும் வெளி இணைப்பு இல்லாமல் சில நாட்களாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதுதான் பாலைவனத்தில் முக்கியம்.

ஊரைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். கண்ட இடத்தில் வண்டிகள் நின்று நிலம் பாழாவதைத் தடுக்க, 1983-இல் அத்துறை நீண்டநாள் தங்குவோருக்கென்று தனிப் பகுதிகளை ஒதுக்கியது. குவார்ட்சைட்டுக்குத் தெற்கே உள்ள லா போசா அவற்றில் பெயர் பெற்றது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கான அனுமதிச் சீட்டின் விலை நெடுங்காலமாக 180 டாலராகவே இருந்தது. ஏழு மாதத்துக்கு அது மிகக் குறைந்த தொகை. ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழ்பவர்களுக்கும் இந்த வாழ்க்கை எட்டுவதற்கு அரசு நிலம்தான் காரணம். ஆனால் அந்தப் பணத்துக்கு மின்சாரம் கிடையாது. பிரித்துவிட்ட மனைகளும் கிடையாது. தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் ஒரு பொது இடம் உண்டு.

ஆகவே அன்றாட வாழ்க்கை தண்ணீர்க் கணக்கில்தான் ஓடுகிறது. வண்டியில் மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று. நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 150 முதல் 300 லிட்டர் வரை கொள்ளும். அனுபவப்பட்டவர்கள் வெந்நீர் வரும்வரை குழாயில் வரும் குளிர்ந்த நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுவார்கள். சோப்புப் போடும்போது குழாயை மூடிவிடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுவார்கள். கழிவைக் கொட்டுவதற்கும் முறை உண்டு. முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும், பிறகு குளியல் நீரைத் திறக்க வேண்டும். அந்தத் தண்ணீர் குழாயை அலசிவிடும்.

அடுத்தது மின்சாரம். பாலைவனத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று தோன்றலாம். ஆனால் டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரம்தான் ஏறும். கூரையில் படுக்கை வாட்டில் கிடக்கும் சோலார் பலகைக்கு, சூரியனை நேராகப் பார்க்கும் பலகைக்குக் கிடைக்கும் ஒளியில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அதனால் பலகைகளைத் தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்துகிறார்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இரவு 10 மணிக்குமேல் அதை ஓட்டக் கூடாது.

பகலில் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும் வெப்பம், இரவில் 5 டிகிரிக்கு இறங்கும்; சில இரவுகளில் நீர் உறையும் அளவுக்கும் போகும். வண்டியோடு வரும் கேஸ் ஹீட்டரின் மின்விசிறி விடிவதற்குள் பேட்டரியைக் காலி செய்துவிடும். மின்சாரம் வேண்டாத சிறிய கேஸ் ஹீட்டருக்குப் பலர் மாறுவது இதனால்தான். அதை எரிக்கும்போது ஜன்னலைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேலை செய்ய வேண்டும். இதில் அலட்சியம் உயிரையே வாங்கிவிடும். வறண்ட ஓடைகளில் வண்டியை நிறுத்துவதும் ஆபத்து: தொலைவில் பெய்த மழைகூட அங்கே திடீர் வெள்ளமாக வரும். காட்டெலிகள் எஞ்சினுக்குள் கூடு கட்டி ஒயர்களைக் கடிப்பதால், இரவில் பானெட்டைத் திறந்து வைப்பவர்களும் உண்டு.

மருத்துவம்தான் முதிய தம்பதிகளின் பெரிய கவலை. பெரிய மருத்துவமனைகள் உள்ள யூமா சுமார் 130 கிலோமீட்டர், ஃபீனிக்ஸ் சுமார் 200 கிலோமீட்டர். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. அதனால் யூமாவுக்கு அருகில் எல்லையைத் தாண்டி, மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனஸ் ஊருக்குப் பல் கட்டப் போகிறார்கள். குளிர்காலத்தில் அங்குள்ள பல் மருத்துவர்களுக்கு ஓய்வே இருக்காது.

பல குடும்பங்களில் வண்டி ஓட்டுவது, டிரெய்லரைப் பூட்டுவது, தொட்டியைக் காலி செய்வது எல்லாம் கணவர் பொறுப்பு. சமையலும் மாத்திரை, காகிதக் கணக்குகளும் மனைவி பொறுப்பு. இந்தப் பிரிவினை பாலைவனத்தில் உதவாது. எழுபது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், வண்டியைக் கிளப்பத் தெரியாத துணைவர் அக்கம்பக்கத்தாரைத்தான் நம்ப வேண்டியிருக்கும். உதவ ஆட்கள் வருவார்கள் என்பது உண்மை. நெருங்கிய நட்பு இங்கே வெகு சீக்கிரம் உருவாகிறது. ஆனாலும் இருவரும் எல்லா வேலையையும் பழகிக்கொள்வதுதான் நல்லது. சோலார் பலகை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஏற்பாடு இது.

ஏப்ரல் நெருங்க வெயில் ஏறும். வீடு உள்ளவர்கள் வடக்கே திரும்புவார்கள். வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழ்பவர்கள், கடிதத்துக்காக மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸ், தெற்கு டகோட்டா, புளோரிடா போன்ற மாநிலங்களில் முகவரி வைத்துக்கொண்டு மலைப்பகுதிகளுக்குப் போவார்கள். இனி ஓட்ட முடியாது என்ற நிலை அவர்களுக்கும் வரும். அதை முன்கூட்டியே யோசித்த அமைப்பு, 1978-இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் சங்கம். டெக்சாஸின் லிவிங்ஸ்டன் நகரில் அதன் உறுப்பினர்களுக்கென ஒரு பராமரிப்பு மையம் இருக்கிறது. அங்கே முதியவர்கள் தங்கள் வண்டியிலேயே குடியிருக்கலாம். உணவு, மருத்துவரிடம் போய்வர வண்டி, அன்றாடத் துணை ஆகியவற்றை மையம் கவனித்துக்கொள்கிறது.