வயிறு உப்பிய பாட்டரி

வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். படவேட்டு அம்மனைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். பட்டு நெசவுக்காரர்களின் ஊர். நெசவாளர் வீட்டில் கூடம்தான் தறிக்கூடம். தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கை. முன்பெல்லாம் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை மட்டும் போயிற்று. இப்போது புடவைக்குப் பின்னாலேயே படம் பிடிக்க டிரோனும் போகிறது! வயலில் மருந்து தெளிக்கவும் அது வந்துவிட்டது. ராத்திரி வீடு திரும்பியதும் அதன் பாட்டரியை எங்கே சார்ஜுக்குப் போடுவது? கூடத்துச் சுவரில் உள்ள பிளக்கில்தான்.

"என்னாங்க, இது ஏன் இட்லி மாதிரி உப்பியிருக்குது?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, நீ பேசாம இரு."

இப்படி ஒரு பேச்சு எந்த வீட்டிலாவது நடந்தால், அம்மாள் சொல்வதே சரி என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

டிரோனில் இருப்பது லித்தியம் பாட்டரி. மெல்லிய உறைக்குள் உலோகத் தகடுகள் புடவை மடிப்பைப் போல அடுக்கடுக்காக இருக்கும். நடுவே தலைமயிரைவிட மெல்லிய பிளாஸ்டிக் திரை. சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றினாலும், அடியோடு வற்றவிட்டாலும், வெயிலில் போட்டாலும், கீழே விழுந்து அடிபட்டாலும் அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. வயிறு உப்புவது அதனால்தான். உள்ளே சூடு சுமார் 130 டிகிரியைத் தொட்டால் திரை உருகித் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். அப்புறம் சூடு சூட்டை வளர்க்கும். யாராலும் நிறுத்த முடியாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2022 மார்ச் மாதம் பக்கத்து வேலூரிலேயே, அல்லாபுரத்தில், இரவில் சார்ஜில் விட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. வீட்டுக்குள் இருந்த தகப்பனாரும் பதின்மூன்று வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதுவும் லித்தியம் பாட்டரிதான். டிரோனுடையது சிறியதுதான், ஆனால் ஜன்னல் சாத்திய கூடத்தில் புகைக்குச் சிறிது பெரிது கிடையாது.

சரி, உப்பிவிட்டது, என்ன செய்வது? தொட்டால் சூடில்லை, சீறலும் இல்லை என்றால், மெதுவாகக் கழற்றி, காய்ந்த மணல் போட்ட மண் சட்டியிலோ தகர வாளியிலோ வைத்து வீட்டுக்கு வெளியே, சுவரையும் ஓலையையும் விட்டுத் தள்ளி வையுங்கள். மறுபடி சார்ஜ் ஏற்றவே கூடாது. "ஒரே ஒரு கல்யாணம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்பதும் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றும் கெட்டிக்காரர்கள் சிலர் உண்டு. அதைவிட மோசமான யோசனை வேறில்லை. உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதும் வீட்டில் செய்கிற வைத்தியமல்ல. முனைகள் அரித்துப்போய் உள்ளே மின்சாரம் மிச்சமிருந்துவிடும்.

சூடு பறந்தாலோ புகைந்தாலோ கதையே வேறு. கையால் எடுக்காதீர்கள், ஓடிப்போய்ப் புடவையை மீட்கப் பார்க்காதீர்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் தெருவுக்கு அனுப்பிவிட்டு, மெயின் சுவிட்ச் வழியில் இருந்தால் அணைத்துவிட்டு, 101-க்குச் சொல்லுங்கள். அந்தப் புகை நச்சு. தீ அணைந்தது போலத் தோன்றிச் சில மணி நேரம் கழித்து மறுபடி மூளும் குணமும் இதற்கு உண்டு.

உப்பாமல் காப்பது அப்படியொன்றும் பிரமாதமல்ல. பறந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல், ஆறவிட்டுப் போடுவது. ஆள் விழித்திருக்கும்போது, அதற்குரிய சார்ஜரில் போடுவது. முகூர்த்தமில்லாத மாதங்களில் முழுக்க நிரப்பியும் வைக்காமல், காலியாகவும் விடாமல், பாதியளவில் வைப்பது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு, ஒரு கலத்துக்குச் சுமார் 3.8 வோல்ட்.

கெட்ட பாட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். குப்பை வண்டியே எரியும். பழைய பாட்டரியைச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர் மேலேயே சுமத்தியிருக்கின்றன. ஆகவே, விற்ற கடைக்குப் போன் செய்து, எப்படிக் கொண்டுவருவது என்று முதலில் கேளுங்கள். மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டாம். அதுவரை முனைகளில் டேப் ஒட்டி, கொல்லைப்புறத்து மணல் சட்டியிலேயே கிடக்கட்டும். மழை படாமல் மேலே ஓர் ஓட்டைச் சாய்த்து வைத்தால் போதும். இறுக்கி மூட வேண்டாம்.